மலையடிவாரத்து நாவல்கள்

கொடைக்கானலுக்குப் பிரயாணம் செய்வோரில் பலர் வத்தலக்குண்டைக் கடந்தே பழனி மலைத்தொடரின்மேல் ஏறுகிறார்கள். வண்டி நிற்கும் சிறிது நேரத்தில் ஒரு வாய் காபி அருந்திவிட்டு, வெள்ளி அருவியையும் ஏரியையும் எண்ணிக்கொண்டே அவ்வூரை மறந்துவிடுவது வழக்கம். ஆயினும் 7,000 அடி உயரத்துக் குளிர்ச்சிக்குச் சற்றும் இளைக்காத இன்பம் ஒன்றை அந்தச் சிற்றூர் தமிழருக்கு அளித்திருக்கிறது.

ராஜம் ஐயர் 1872-ல் பிறந்தது அவ்வூரில்தான். 1893-ல், இருபத்தொரு வயது இளைஞராய், 'விவேக சிந்தாமணி' பத்திரிகையில் 'கமலாம்பாள் சரித்திர'த்தைத் தொடங்கினார். 1896-ல் அது புஸ்தகமாயிற்று. மதுரை ஜில்லாவிலுள்ள சிறுகுளம் என்னும் கிராமமே கதை நடக்கும் இடம். முத்துஸ்வாமி ஐயரும் கமலாம்பாளும் நடத்தும் இல்லறம், தமிழ்ப் பண்டிதர் அம்மையப்ப பிள்ளையின் கோணங்கிப் புலமை, ஊர்ப் பெண்கள் கூடும் 'வம்பர் மகாசபை' ஆகியவற்றைப் படிக்கையில் நம் தெருவையே பார்ப்பது போல் தோன்றுகிறது. வீட்டில் ஒருவர் உரக்க வாசிக்க, மற்றவர்கள் கேட்டுச் சிரிப்பதற்கு ஏற்ற நூல் இது.

ஆனால் சிரித்துக்கொண்டிருக்கும்போதே கதை நம்மைத் திடுக்கிட வைக்கிறது. வேடிக்கையாய்த் தோன்றிய அந்த வம்பே அபவாதமாகி, ஒரு நல்ல குடும்பத்தைச் சிதைக்கிறது. 'ஆபத்துக்கிடமான அபவாதம்' என்று ஆசிரியர் இட்ட மறுபெயரின் பொருள் அப்பொழுதுதான் நமக்கு விளங்குகிறது. பெருநகரமும் போர்க்களமும் இல்லாத கதையில் இத்தனை விபரீதம் இருக்கக்கூடுமா என்று வியக்கிறோம். இதை எழுதியவர் 1898-ல் இருபத்தாறாவது வயதிலேயே மறைந்தார்.

அவருடைய கதையைத் தாங்குவதற்கு ஒரு பத்திரிகை இருந்தது. அதே வத்தலக்குண்டைச் சேர்ந்த சி. சு. செல்லப்பாவோ தமக்குத் தாமே பிரசுரகர்த்தராக வேண்டியிருந்தது. 1959 முதல் 1970 வரை 'எழுத்து' என்னும் பத்திரிகையை அவர் நடத்தினார். தாம் வெளியிட்ட புஸ்தகங்களைத் தாமே சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகச் சென்று விற்றார். சுதந்திரப் போரில் சிறை சென்ற அவர், அக்காலத்தைச் சித்திரிக்கும் 'சுதந்திர தாகம்' என்ற நாவலை மூன்று பாகங்களாக 1997-ல் வெளியிட்டார். அதையும் அவர் தம் சொந்த முயற்சியிலேயே அச்சிட்டார். அப்பொழுது அவருக்கு வயது எண்பத்தைந்தை எட்டியிருந்தது. மறு வருஷம் காலமானார். சாகித்ய அகாடமி பரிசு அந்நூலுக்குக் கிடைத்தது 2001-ல். அதைப் பெற அவர் இல்லை.

பரிசு தாமதித்து வரலாம், வாசகர் தாமதிக்கலாகாது. தாமே அச்சிட்டு வெளியிடும் எழுத்தாளனுக்கு விளம்பரமும் இல்லை, விற்பனைச் சாலையும் இல்லை. தெரிந்தவர் வீட்டுத் திண்ணையே அவனுக்குக் கடை. இரவல் வாங்கிப் படித்துப் பாராட்டுவதனால் அவனுடைய அச்சுக்கூலி தீராது. பிரதிகள் பரண்மேல் கறையானுக்கு இரையாகும். அத்துடன் ஒரு சிற்றூரின் பேச்சும் பழக்கமும் சிரிப்பும் அழிந்துபோகும்.

அடுத்த கோடையில் குடும்பத்துடன் மலையேறப் புறப்படும்போது, கம்பளிச் சட்டைகளோடு விலை கொடுத்து வாங்கிய ஒரு தமிழ் நாவலையும் பெட்டியில் வையுங்கள். அது பிரபலமில்லாத ஊரைப் பற்றிப் பிரபலமில்லாத ஒருவர் எழுதியதாக இருந்தால் இன்னும் விசேஷம்.