நிற்கும் உடலின் ஆட்டமும் அதை அளக்கும் முறைகளும்

முதியவர் ஒருவர் தடுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டால், அக்குடும்பத்தின் நிலையே மாறிவிடுகிறது. வயலுக்குச் சென்றவர் படுக்கையில் கிடக்கிறார். அவரைப் பேணுவதற்காக மற்றொருவரும் வேலையை விட நேரிடுகிறது. உலகெங்கும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் கீழே விழுவதனால் உயிரிழக்கின்றனர் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2021-ஆம் ஆண்டில் தெரிவித்தது. விழக்கூடியவர் யார் என்பதை முன்னரே அறிய இயலுமா? இதற்கு விடை காண அறிஞர்கள் கையாளும் முறைகளைக் காண்போம்.

உடல் நிலைபெறும் விதம்

அசையாமல் நிற்பதாக நாம் எண்ணும்போதும் நமது உடல் சிறிது சிறிதாக ஆடிக்கொண்டே இருக்கிறது. உள்ளங்கையில் நிறுத்திய கோல் சாயாதபடி கையை நகர்த்திக் காப்பதுபோல, கால் தசைகள் உடலை இடைவிடாது திருத்தி நிறுத்துகின்றன. கண், உட்செவி, பாதத்திலும் மூட்டுகளிலும் உள்ள உணர்ச்சி நரம்புகள் ஆகிய மூன்றும் இதற்கு வேண்டிய செய்திகளை மூளைக்கு அனுப்புகின்றன. 1840-களில் பெர்லின் நகர மருத்துவர் ரோம்பர்க், முதுகுத்தண்டு நோயுற்ற சிலர் கண்ணை மூடியதும் தள்ளாடுவதை எடுத்துக் காட்டினார். பாதத்திலிருந்து வரும் செய்தி குன்றியதால், அவர்கள் கண்ணையே பெரிதும் நம்பி நின்றனர் என்பது இதன் பொருள்.

அளக்கும் கருவி

இக்காலத்தில் இதற்கு விசைமேடை என்னும் கருவி பயன்படுகிறது. எடை பார்க்கும் மேடையை ஒத்த இதன் நான்கு மூலைகளிலும் பாரத்தை உணரும் உறுப்புகள் உள்ளன. உடல் முன்னே சாய்ந்தால் முன்மூலைகளில் பாரம் கூடும். நான்கு பாரங்களையும் கொண்டு, பாதத்தின் அழுத்தம் மையங்கொள்ளும் புள்ளியைக் கணக்கிடலாம். வினாடிக்கு 100 முறை அளந்தால் அரை நிமிடத்தில் 3,000 புள்ளிகள் கிடைக்கும். அவற்றைக் கால வரிசைப்படி இணைத்தால் ஓர் அலைக்கோடு தோன்றும். இதுவே ஆராய்ச்சிக்குரிய சமிக்ஞை.

அலையைப் பகுத்தல்

நெல்லைத் தூற்றிப் பதரை நீக்குவதுபோல, கருவியின் வேகமான நடுக்கங்களை முதலில் கணக்கினால் வடிகட்டுகின்றனர். அமைதியாக நிற்பவரின் ஆட்டம் பெரும்பாலும் வினாடிக்கு ஒரு முறைக்கும் குறைவானதாகையால், இவ்வாறு நீக்குவதனால் உண்மைச் செய்தி கெடுவதில்லை. அடுத்து, புள்ளி கடந்த தூரம், அதன் வேகம், அது பரவிய பரப்பு ஆகியவற்றைக் காண்கின்றனர்.

அளவு மட்டும் போதாது. பார்க்கின்சன் நோயுற்ற சிலரது உடல் விறைத்திருப்பதால் ஆட்டம் குறைவாகவே தோன்றும். எனினும் அவர்கள் எளிதில் விழக்கூடும். ஆகவே ஆட்டத்தின் தன்மையையும் ஆராய வேண்டும். சிக்கலான அலையையும் பல எளிய அலைகளின் கூட்டாகப் பிரிக்கலாம் என்று பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபூரியர் 1822-இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். அம்முறையால் மெதுவான ஆட்டம் எவ்வளவு, விரைவான ஆட்டம் எவ்வளவு என்பது புலனாகும்.

1993-இல் அமெரிக்காவின் பாஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த காலின்ஸ், டி லூக்கா ஆகியோர் மற்றொரு வழியைக் காட்டினர். ஏறத்தாழ ஒரு வினாடி வரையில் புள்ளி சென்ற திசையிலேயே விலகிச் செல்ல முற்படுகிறது. அதற்குப் பின் திரும்பி வர முற்படுகிறது. உடல் சற்று விட்டுப் பிடிக்கிறது என்று அவர்கள் இதற்கு விளக்கம் தந்தனர்.

நாம் செய்யத்தக்கவை

கருவி ஒன்றே நோயை முடிவு செய்யாது. பார்வை, தசை வலிமை, உட்கொள்ளும் மருந்து ஆகியவற்றையும் மருத்துவர் ஆராய்ந்தே முடிவு கூறுவார். ஆயினும் இவ்வாராய்ச்சி உணர்த்தும் பாடம் எளியது. இருளில் கண்ணின் துணை குறைகிறது; வழுக்கும் தரையில் பாதத்தின் பிடி தவறுகிறது. எனவே முதியோர் நடமாடும் வழியில் விளக்கும், படிகளில் கைப்பிடியும், குளிக்குமிடத்தில் சொரசொரப்பான தரையும் அமைத்தல் வேண்டும். முதியோரின் உடற்பயிற்சி பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து 2019-இல் நோக்கியபோது, பயிற்சியினால் விழும் நிகழ்ச்சிகள் ஏறத்தாழ 23 விழுக்காடு குறைந்தது தெரியவந்தது. மருத்துவரைக் கேட்டு, துணைக்கு ஒருவரை வைத்துக்கொண்டு, சமநிலைப் பயிற்சியை நாள்தோறும் செய்யலாம். பஞ்சாயத்து உறுப்பினர்கள் பொதுக் கட்டடங்களின் படிகளையும் தெருவிளக்குகளையும் இந்நோக்குடன் ஒருமுறை பார்வையிட்டால், பல முதியோர் தம் காலிலேயே நின்று வாழ வழி பிறக்கும்.