சோகையும் விதையுணவும்

"எனக்கு இரத்தம் குறைவு" என்று ஒருவர் சொன்னால், அவர் எதைக் குறிக்கிறார் என்பதை முதலில் கேட்டறிதல் வேண்டும். நம்மவர் பேச்சில் இரு வேறு நிலைகளுக்கு இவ்வொரு தொடரே வழங்கி வருகிறது. ஒன்று, முன்னோர் பாண்டு என்று கூறிய சோகை. மற்றொன்று, இரத்த அழுத்தக் குறைவு. முன்னது இரத்தத்தின் தரத்தைப் பற்றியது. பின்னது அது குழாய்களுள் ஓடும் விசையைப் பற்றியது. கிணற்று நீர் உவர்ப்பது வேறு, நீர் இறைக்கும் ஏற்றம் தளர்வது வேறு அன்றோ? கருவுறாத பெண்ணின் இரத்தம் 100 மில்லி லிட்டரில் ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால் அது சோகை. கையில் பட்டை சுற்றி அளக்கும் அழுத்தம் 90-க்கு 60 என்னும் அளவினும் தாழ்ந்தால் அது அழுத்தக் குறைவு. தலைச்சுற்றலும் அயர்ச்சியும் இரண்டிற்கும் பொதுவாதலின் ஒன்றை மற்றொன்றாகக் கொள்கிறோம். இரண்டும் ஒருவரிடமே அமைவதும் உண்டு.

2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேர் சோகையுடையவர்கள். இத்துணைப் பேருக்கும் எள், ஆளி விதை, பரங்கி விதை ஆகியவற்றைத் தின்னுமாறு அறிவுரை கூறுவோர் நாள்தோறும் பெருகி வருகின்றனர்.

இவற்றில் இரும்புச் சத்து உண்டென்பது மெய்யே. எவ்வளவு என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். பள்ளியை விட்டாலும் கணக்கு என்னை விடுவதில்லை. தோல் நீக்காத எள் 100 கிராமில் ஏறத்தாழ 14 மில்லிகிராம் இரும்பு உள்ளது. நாம் உண்பதோ 10 கிராம், கிடைப்பது 1.4 மில்லிகிராம். வயது வந்த பெண்ணுக்கு நாளொன்றுக்கு வேண்டுவது 29 மில்லிகிராம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வரையறுத்துள்ளது. கருவுற்ற தாய்க்கு அரசு வழங்கும் மாத்திரை ஒன்றில் 60 மில்லிகிராம் உள்ளது. எள்ளுருண்டை அருமையான தின்பண்டம். ஆனால் மாத்திரையின் இடத்தில் அமரத் தகுந்ததன்று.

அந்த 1.4 மில்லிகிராமும் முழுமையாக உடலிற் சேர்வதில்லை. விதை தன் முளைக்கென்று பாஸ்பரத்தைப் பைட்டிக் அமிலமாகச் சேர்த்து வைத்திருக்கிறது. அவ்வமிலம் குடலில் இரும்பைப் பற்றிக்கொண்டு விட மறுக்கிறது. ஊறவைத்தலும் முளைகட்டுதலும் இப்பிடியைத் தளர்த்தும். முளைகட்டிய பச்சைப்பயற்றில் எலுமிச்சம்பழம் பிழிந்து உண்ணும் வழக்கம் எத்துணைச் சிறந்தது! புளிப்பிலுள்ள வைட்டமின் சி இரும்பை எளிதிற் சேரச் செய்கிறது. நெல்லிக்காயும் கொய்யாவும் அவ்வாறே. காப்பியும் தேநீரும் இதற்கு நேர்மாறானவை; உணவுக்கும் அவற்றிற்கும் இடையே ஒரு மணி நேரமேனும் செல்லட்டும். இரும்பு மாத்திரையையும் விதைப் பண்டங்களோடு சேர்த்து விழுங்கலாகாது.

என்னிடம் பயின்ற பெண்ணொருத்தி, இன்று தானும் ஓர் ஆசிரியை, மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறதென்று அதை நிறுத்திவிட்டு, காலைதோறும் மூன்று கரண்டி ஆளி விதைப் பொடியைத் தேநீருடன் உட்கொண்டு வந்தாள். நான்கு திங்களில் வகுப்பறையிலேயே மயங்கி விழுந்தாள். அழுத்தமும் தாழ்ந்திருந்தது, சோகையும் முற்றியிருந்தது. மாத்திரையை உணவுக்குப் பின் உண்ணலாமா, வேறு வகை தரலாகுமா என்று மருத்துவரை ஒரு சொல் கேட்டிருந்தால் போதுமானது.

அவள் உட்கொண்ட அளவு கருதத்தக்கது. கனடாவில் நடந்து 2013-இல் வெளியான ஆய்வொன்றில், கால் தமனி நோயுடையவர்கள் நாளும் 30 கிராம் அரைத்த ஆளி விதையை ஆறு திங்கள் உண்டனர். மேல் அழுத்தம் ஏறத்தாழ 10 அளவு தாழ்ந்தது. அழுத்தம் மிகுந்தோர்க்கு அது நன்மை. முன்னரே தாழ்ந்திருப்போர் இவ்வளவை ஏன் நாட வேண்டும்? ஒரு தேக்கரண்டிப் பொடி உணவில் கலந்திருப்பதில் அச்சமில்லை. அழுத்தத்திற்கு மருந்துண்போர் அதனையும் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். அழுத்தத்தை உயர்த்துவதற்கென்று நம்பத்தக்க விதை ஏதுமில்லை. போதிய நீர் பருகுதலும், பட்டினி கிடவாமையும், படுக்கையிலிருந்து மெல்ல எழுதலுமே அன்றாடப் பாதுகாப்பு.

ஆளி விதையை முழுதாக விழுங்கினால் பெரும்பாலும் அப்படியே வெளியேறிவிடும். வறுத்துப் பொடித்து, சிறிது சிறிதாகச் செய்துகொள்க. சியா விதையை உலர்ந்தபடி வாயிலிட்டு நீர் பருகுதல் தீங்கு. அமெரிக்காவில் அவ்வாறு செய்த ஒருவருக்கு விதை உணவுக்குழலிலேயே பருத்து அடைத்துக்கொண்ட செய்தி 2014-இல் வெளியாயிற்று. சப்ஜா விதையையும் ஊறிய பின்னரே உண்க. எள் சிலருக்கு ஒவ்வாமை தரும். உதடு வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்க. பூஞ்சை பிடித்த நிலக்கடலையை வறுத்தாலும் நஞ்சு நீங்காது, எறிந்துவிடுக.

இன்னுமொன்று உண்டு. எல்லாச் சோகையும் இரும்புக் குறையால் வருவதன்று. கொக்கிப் புழுவாலும், மாதவிலக்கின் மிகுதியாலும், மூலத்தாலும் இரத்தம் கசிந்துகொண்டே இருந்தால், ஓட்டைக் குடத்தில் நீர் வார்த்த கதைதான். வைட்டமின் பி 12 குறைந்து வருஞ் சோகைக்கு எந்த விதையும் உதவாது; அச்சத்து விதைகளில் இல்லை. மரக்கறி மட்டுமே உண்போர் பாலும் தயிரும் கொள்வதோடு, சோதனையின்போது பி 12 அளவையும் பார்க்கச் சொல்லிக் கேட்டல் நலம்.