மூக்கைத் திருத்திக்கொள்ளலாமா? சந்தேகங்களும் விளக்கங்களும்

மூக்கின் வடிவத்தை மாற்றும் ‘ரைனோபிளாஸ்டி’ அறுவை சிகிச்சை ஒரு காலத்தில் சினிமாக்காரர்களின் சமாச்சாரமாக இருந்தது. இன்று கல்லூரி மாணவிகளும் வேலைக்குப் போகும் இளைஞர்களும் அதைப் பற்றி விசாரிக்கிறார்கள். மருத்துவரிடம் போவதற்கு முன்பே தெளிவாக வேண்டிய சந்தேகங்கள் சில உண்டு.

இது மேல்நாட்டிலிருந்து வந்த புது நாகரிகம்தானே?

இல்லை. அறுபட்ட மூக்கைத் தோல் கொண்டு சீரமைக்கும் முறையைச் சுஸ்ருத சம்ஹிதை விவரிக்கிறது. திப்பு சுல்தானுடனான போரில் சிறைப்பட்டு மூக்கு அறுக்கப்பட்ட கவஸ்ஜி என்ற வண்டியோட்டிக்கு, புனே அருகே நெற்றித் தோலை எடுத்து மூக்கு அமைத்தார்கள். அந்தச் செய்தி 1794இல் லண்டன் பத்திரிகையில் வந்தது. அதைப் படித்துத்தான் ஜோசப் கார்ப்யூ என்ற ஆங்கிலேய மருத்துவர் 1814இல் அங்கே அதே முறையைச் செய்து பார்த்தார். ஆனால் அது இழந்த மூக்கைத் திருப்பித் தரும் சிகிச்சை. இருக்கிற நல்ல மூக்கின் மீது கத்தி வைப்பது வேறு. அதற்கு இன்னும் வலுவான காரணம் வேண்டும்.

செல்ஃபியில் என் மூக்கு பெரிதாகத் தெரிகிறது. உண்மையிலேயே பெரிதா?

செல்ஃபியை நம்பாதீர்கள். முகத்துக்கு ஓரடி தூரத்தில் கேமரா இருந்தால், ஐந்தடி தூரத்தில் எடுத்த படத்தைவிட மூக்கு சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று 2018இல் அமெரிக்க மருத்துவ ஆய்விதழ் ஒன்றில் வந்த ஆய்வு கணக்கிட்டது. முகத்தில் கேமராவுக்கு மிக அருகில் இருப்பது மூக்குதான். ஐந்தாறு அடி தள்ளி நின்று வேறொருவரை நேராகவும் பக்கவாட்டிலும் எடுக்கச் சொல்லிப் பாருங்கள். பலருடைய மனக்குறை அங்கேயே பாதி குறைந்துவிடும்.

அப்படியானால் யாருக்குத்தான் இது ஏற்றது?

“மூக்குத் தண்டில் மேடு இருக்கிறது”, “விபத்தில் கோணிவிட்டது” என்று ஒரு குறிப்பிட்ட குறையைச் சுட்டிக்காட்டத் தெரிந்தவருக்கு. அதுவும் பல வருடமாகத் தனக்கே உறுத்தி வந்த குறையாக இருக்க வேண்டும். மற்றவர் சொல்லுக்காகச் செய்துகொள்வது நல்லதல்ல. ‘மூக்கு மாறினால் வேலை கிடைக்கும், பிரிந்தவர் திரும்பி வருவார், மாமியார் குறை சொல்ல மாட்டார்’ என்று எதிர்பார்ப்பவருக்கு அறுவை சிகிச்சை ஏமாற்றத்தையே தரும்.

இன்னொரு வகையினர் கூடுதல் கவனத்துக்கு உரியவர்கள். அடுத்தவர் கண்ணுக்கே தெரியாத ஒரு குறையை நினைத்துத் தினமும் மணிக்கணக்கில் கண்ணாடி முன் நிற்பார்கள், விசேஷ வீடுகளைத் தவிர்ப்பார்கள், வெளியே போகும்போதெல்லாம் முகத்தை மறைப்பார்கள். இது தோற்றம் சார்ந்த ஒரு மனநலக் கோளாறாக இருக்கலாம். மூக்கைத் திருத்த வருபவர்களிடையே இது பொதுமக்களிடம் இருப்பதைவிட அதிகம். இவர்களுக்குச் சிகிச்சை உண்டு, அதை மனநல மருத்துவர்தான் தர முடியும். அறுவை சிகிச்சை செய்தாலும் மனம் ஆறாது. அடுத்த குறையைத் தேடத் தொடங்கிவிடும். உங்கள் வீட்டுப் பிள்ளை இப்படி இருந்தால் கேலி செய்யாதீர்கள், அழைத்துப் போங்கள்.

கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருக்கிறது. அதற்குள் செய்துகொள்ளலாமா?

வேண்டாம். அறுவை சிகிச்சை முழு மயக்கத்தில் பெரும்பாலும் இரண்டு, மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். மூக்கின் மேல் வைக்கும் அச்சை ஒரு வாரத்தில் எடுப்பார்கள். கண்ணைச் சுற்றிய கன்றல் இரண்டு வாரத்தில் மறையும். ஆனால் வீக்கம் முழுதாக வடிய ஓராண்டு ஆகும். நம்மில் பலருக்கு இருப்பதுபோல மூக்கு நுனித் தோல் தடிமனாக இருந்தால், அதற்கு மேலும் ஆகலாம். இரண்டாம் மாதத்தில் மணமேடையில் தெரியப்போவது இறுதி வடிவம் அல்ல. அந்த நேரத்தில் நுனி மரத்துப்போயும் இருக்கலாம். சடங்குக்காகப் புதிதாக மூக்கு குத்துவதும் கூடாது. ஏற்கெனவே மூக்குத்தித் துளை இருந்தால் அதையும் முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். கண்ணாடி அணிபவர்கள் நான்கு முதல் ஆறு வாரம் வரை அதன் பாரம் மூக்கில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பெண் பார்க்க வந்த வீட்டில் மூக்கைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார்கள் என்பதற்காக மகளை அறுவை அரங்குக்கு அனுப்பத் துணியும் பெற்றோருக்கு ஒன்று: சம்பந்தம் முடியும் முன்பே பெண்ணின் முகத்தில் குறை சொல்பவர்கள், மூக்கு மாறிய பிறகு நிறுத்திவிட மாட்டார்கள்.

நான் காட்டும் நடிகையின் மூக்கு எனக்கு அமையுமா?

அமையாது. உங்கள் எலும்பு, குருத்தெலும்பு, தோல் ஆகியவற்றை வைத்துத்தான் மருத்துவர் வேலை செய்ய முடியும். தடித்த தோலுக்குக் கீழே எவ்வளவு நுட்பமாகச் செதுக்கினாலும் மேலே கூர்மை தெரியாது. சப்பை மூக்கை உயர்த்த நடுச்சுவர், காது அல்லது விலா எலும்புப் பகுதியிலிருந்து குருத்தெலும்பு எடுப்பார்கள். சிலிக்கான் வைப்பதும் உண்டு. அதில் தொற்றும், பொருள் வெளியே தள்ளிவரும் ஆபத்தும் இருக்கின்றன. கணினியில் காட்டும் ‘பிறகு’ படம் ஒரு உத்தேசம்தான், உத்தரவாதம் அல்ல.

மூக்கடைப்பும் இருக்கிறது. சேர்த்துச் செய்யலாமா?

செய்யலாம். நடுச்சுவர் வளைந்திருந்தால் அதை நேராக்கும் செப்டோபிளாஸ்டியை வடிவத் திருத்தத்துடன் ஒரே நேரத்தில் செய்வது வழக்கம். நேர்மாறான ஆபத்தும் உண்டு. மூக்கை அளவுக்கு மீறிச் சிறிதாக்கினால், நன்றாக மூச்சு விட்டவருக்கே அடைப்பு வந்துவிடும். அழகுக்காக மட்டும் செய்தால் மருத்துவக் காப்பீடு கிடைக்காது. நடுச்சுவர்ச் சிகிச்சைக்குக் கிடைக்கலாம், ஆனால் பல பாலிசிகளில் இரண்டாண்டு காத்திருப்புக் காலம் உண்டு.

கத்தியில்லாமல் ஊசி போட்டே மாற்றலாம் என்கிறார்களே?

ஃபில்லர் ஊசியால் மேட்டை மறைக்கலாம், பள்ளத்தை நிரப்பலாம். பெரிய மூக்கைச் சிறிதாக்க முடியாது. பலன் பெரும்பாலும் ஓராண்டு, அதை ஒட்டிய காலம். மருந்து தவறி ரத்தக்குழாய்க்குள் போனால் தோல் கருகும். அரிதாகப் பார்வையே பறிபோகும். ஆகவே அழகு நிலையத்தில் இதைப் போட்டுக்கொள்ளவே கூடாது.

எந்த வயதில் செய்யலாம்?

முக வளர்ச்சி முடிந்த பிறகுதான். பெண்களுக்குப் பொதுவாக 15, 16. ஆண்களுக்கு 17, 18. என் கருத்தில், 18 வயது நிரம்பித் தானே முடிவெடுக்கும்வரை பொறுப்பது நல்லது.

மருத்துவரை எப்படித் தேர்ந்தெடுப்பது?

பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சி.எச். அல்லது அதற்கு இணையான பட்டம் பெற்றவரா, அல்லது இந்தச் சிகிச்சையில் பயிற்சி பெற்ற காது மூக்கு தொண்டை நிபுணரா என்று பாருங்கள். பதிவு எண்ணை மருத்துவ கவுன்சிலில் சரிபாருங்கள். மயக்க மருந்து நிபுணரும் அவசரச் சிகிச்சை வசதியும் உள்ள மருத்துவமனைதானா என்று கேளுங்கள். நூற்றில் 5 முதல் 15 பேருக்கு மறு அறுவை தேவைப்படலாம் என்பது பொதுவான கணக்கு. அப்படி நேர்ந்தால் செலவு யாருடையது என்பதையும் முன்கூட்டியே எழுத்தில் வாங்குங்கள். புகைபிடிப்பவர் குறைந்தது நான்கு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். ஆஸ்பிரின், முகப்பரு மாத்திரை உட்பட எடுக்கும் எல்லா மருந்துகளையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

“இன்றே முன்பணம் கட்டினால் தள்ளுபடி” என்று சொல்லும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். இன்னொரு மருத்துவரையும் பாருங்கள், சில மாதம் ஆறப்போடுங்கள். “உங்களுக்கு இது தேவையில்லை” என்று ஒரு மருத்துவர் சொன்னால், அவர் சொல்லைக் கேளுங்கள்.