பழைய கணினியை எறிவதற்கு முன்



கிள்ளானில் வசிக்கும் ஒரு தாயார் அண்மையில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "ஐயா, 2014-ஆம் ஆண்டு வாங்கிய கணினி ஒன்று வீட்டில் இருக்கிறது. விசையைத் தட்டிவிட்டு, சோறு வடித்துவிட்டு வந்தாலும் அது இன்னும் திறந்தபாடில்லை. மகன் நான்காம் படிவம் படிக்கிறான். அடுத்த ஆண்டு எஸ்.பி.எம். புதிது வாங்க வசதி இல்லை. கையில் 300 வெள்ளி இருக்கிறது. இதைச் சரி செய்ய முடியுமா? இல்லை, பழைய இரும்பு வாங்குபவரிடம் போட்டுவிடட்டுமா?"

இது அவர் ஒருவருடைய கேள்வி அல்ல. 2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து, பள்ளிக்கூடம் வீட்டுக்குள் வந்தபோது, ஒரே கைப்பேசியை மூன்று பிள்ளைகள் மாறி மாறிப் பிடித்துக்கொண்டு பாடம் படித்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். அதன் பிறகு 'செர்டிக்' திட்டத்தின் வழி 150,000 மாணவர்களுக்குக் கருவிகள் வழங்குவதாக அறிவிக்கப்பட்டது. கிடைத்தவர்களுக்கு நல்லது. கிடைக்காத வீடுகளில் இருக்கின்ற கணினியைத்தான் ஓட்டியாக வேண்டும். ஆகவே அந்தத் தாயாருக்குச் சொன்னதையே உங்களுக்கும் விளக்கமாகச் சொல்கிறேன்.

முதலில் நோயைக் கண்டுபிடியுங்கள்

கணினி மெதுவாகிவிட்டது என்றதும் பலர் நேராகக் கடைக்குப் போய், "ரேம் கூட்டிக் கொடுங்கள்" என்கிறார்கள். காய்ச்சலா, வயிற்று வலியா என்று பார்க்காமல் மருந்து வாங்குவது போன்றது இது. காசு போகும், கணினி அப்படியே இருக்கும்.

உங்கள் கணினியில் விண்டோஸ் இருந்தால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்துங்கள். 'டாஸ்க் மேனேஜர்' திறக்கும். அதில் செயலி, நினைவகம், வட்டு ஆகிய மூன்றும் எத்தனை விழுக்காடு வேலை செய்கின்றன என்று தெரியும். பிள்ளை வழக்கமாகச் செய்யும் வேலையைச் செய்யவிட்டு, ஐந்து நிமிடம் பக்கத்தில் அமர்ந்து பாருங்கள்.

வட்டு எந்நேரமும் 100 விழுக்காட்டில் நின்றால், தடை அங்கேதான். பழைய கணினிகளில் பெரும்பாலும் இதுதான் நிலைமை. பழைய ஹார்ட் டிஸ்க் என்பது சுழலும் தட்டு; ஊசி போன்ற ஒரு கை அதன் மேல் அங்கும் இங்கும் ஓடித் தகவலைத் தேட வேண்டும். ஒவ்வொரு தேடலுக்கும் ஒரு விநாடியில் நூறில் ஒரு பங்கு வரை பிடிக்கும். கணினி திறக்கும்போது இப்படி ஆயிரக்கணக்கான தேடல்கள் நடக்கின்றன. எஸ்.எஸ்.டி. எனப்படும் புதிய வகை வட்டில் சுழலும் பாகமே இல்லை. அதனால் தேடும் நேரம் ஏறக்குறைய நூறில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது.

நினைவகம் 85, 90 விழுக்காட்டைத் தாண்டி நின்றால் ரேம் போதவில்லை என்று பொருள். ரேம் நிரம்பியதும் கணினி வட்டைக் கடன் வாங்கி அதில் எழுதத் தொடங்குகிறது. ஆகவே ரேம் பற்றாக்குறையும் வட்டின் சுமையாகத் தெரியலாம். இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

செயலி மட்டும் ஓயாமல் 100-இல் நின்றால், உடனே புதுச் செயலி வாங்க ஓடாதீர்கள். பெட்டியைத் திறந்து விசிறியில் படிந்த தூசியைத் துடையுங்கள். செயலிக்கும் விசிறிக்கும் இடையில் உள்ள பசை காய்ந்திருந்தால் மாற்றச் சொல்லுங்கள். சூடு ஏறினால் செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வைரஸ் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

எதைப் பழையதாக வாங்கலாம்?

நான் பின்பற்றும் விதி எளிமையானது. தேயாத பாகத்தைப் பழையதாக வாங்கலாம். தேயும் பாகத்தையும், பழுதானால் மற்றவற்றையும் கெடுக்கக்கூடிய பாகத்தையும் புதிதாக வாங்க வேண்டும்.

ரேமில் அசையும் பாகம் இல்லை. நல்ல நிலையில் உள்ள ரேம் பல ஆண்டுகள் உழைக்கும். ஆகவே பழையதாக வாங்க முதல் பொருள் இதுவே. அதிலும் 2025-ஆம் ஆண்டின் இறுதியில், செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போனதால் புது ரேமின் விலை உலகெங்கும் ஏறியது. இப்போது பழைய ரேமுக்கு மதிப்பு கூடியிருக்கிறது. உங்கள் அலமாரியில் சும்மா கிடப்பதையும் எறிந்துவிடாதீர்கள்.

ஆனால் ரேமில் தலைமுறை உண்டு. 2014-ஐ ஒட்டி வாங்கிய வீட்டுக் கணினிகளில் பெரும்பாலும் டிடிஆர்3 இருக்கும். அதில் டிடிஆர்4 நுழையாது. வெட்டுக்குறி வேறு இடத்தில் இருக்கும். மேசைக் கணினியின் ரேம் நீளமானது, மடிக்கணினியின் ரேம் குட்டையானது. ஆகவே கடைக்குப் போகும்போது பழைய ரேமைக் கழற்றிக் கையோடு கொண்டு போங்கள். இன்னொன்று: உங்கள் விண்டோஸ் 32 பிட் வகையாக இருந்தால் 4 ஜிபிக்கு மேல் ரேம் போட்டும் பயன் இல்லை. முதலில் அதை 64 பிட்டுக்கு மாற்ற வேண்டும்.

செயலியும் எளிதில் தேயாது. இன்டெல் நான்காம் தலைமுறை ஐ3 உள்ள பலகையில், அதே தலைமுறையின் ஐ5 பழையதாகக் கிடைத்தால் பொருத்திக்கொள்ளலாம். ஆனால் ஆறாம் தலைமுறைச் செயலி அந்தப் பலகையில் உட்காராது. பலகையின் பெயரைக் குறித்து வைத்துக்கொண்டு, அது ஏற்கும் செயலிகளின் பட்டியலைத் தயாரிப்பாளரின் இணையப் பக்கத்தில் பார்த்த பிறகே பணத்தை எடுங்கள். திரை, விசைப்பலகை, பெட்டி ஆகியவற்றையும் பழையதாக வாங்கலாம்.

எதைப் புதிதாகவே வாங்க வேண்டும்?

முதலாவது, எஸ்.எஸ்.டி. அதில் எழுத எழுதத் தேய்மானம் உண்டு. முன்பு வைத்திருந்தவர் எவ்வளவு எழுதினார் என்பது வெளியே தெரியாது. பிள்ளையின் பாடங்களும் குடும்பப் படங்களும் இருக்கப்போகும் இடம் அது. அங்கே சிக்கனம் பார்க்காதீர்கள். மேசைக் கணினிக்கு 240 அல்லது 256 ஜிபி அளவே போதும். பழைய ஹார்ட் டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால் அதையும் உள்ளேயே வைத்து, படங்களுக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

இரண்டாவது, பவர் சப்ளை எனப்படும் மின்வழங்கி. அதன் உள்ளே உள்ள மின்தேக்கிகள் வெப்பத்தில் நாளடைவில் பலம் இழக்கின்றன. மின்வழங்கி கெட்டால் தான் மட்டும் போகாது. சில வேளைகளில் பலகையையும் வட்டையும் சேர்த்துக் கொண்டு போகும். இடி மின்னலுக்குப் பெயர்போன நம் கிள்ளான் பள்ளத்தாக்கில் இதை விளையாட்டாக எண்ணக் கூடாது. இருக்கின்ற மின்வழங்கியை நீங்களே பிரித்துப் பார்க்கவும் வேண்டாம். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அதன் உள்ளே மின்னேற்றம் தங்கியிருக்கும்.

விளையாட்டுப் பிரியர்களான பிள்ளைகள் பழைய கிராபிக் கார்டு கேட்பார்கள். 2022 செப்டம்பரில் எத்தீரியம் நாணயம் தன் முறையை மாற்றிக்கொண்டபோது, இரவு பகலாக ஓடிய கார்டுகள் ஏராளமாகப் பழைய சந்தைக்கு வந்தன. ஓட்டிப் பார்க்காமல் வாங்க வேண்டாம்.

கடையில் நிற்கும்போது

பிரிக்பீல்ட்ஸில் துன் சம்பந்தன் நிலையத்தில் மோனோரயில் ஏறினால் மூன்றாவது நிலையம் இம்பி. அங்கிருந்து சிறிது தூரம் நடந்தால் லோ யாட் பிளாசா. கிள்ளானில் இருப்பவர்கள் கொமுட்டர் ரயிலில் கே.எல். சென்ட்ரல் வந்து மோனோரயிலுக்கு மாறலாம். முதல் கடையிலேயே வாங்கிவிடாதீர்கள். மூன்று கடைகளில் விலை கேட்டு, எழுதிக்கொண்டு, தேநீர் குடித்துவிட்டுப் பிறகு முடிவு செய்யுங்கள்.

பழைய பொருளைக் கண் முன்னால் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். பழைய ஹார்ட் டிஸ்க் அல்லது முழுக் கணினி வாங்குவதாக இருந்தால் 'கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ' என்ற இலவச மென்பொருளைத் திறந்து, வட்டு எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று பாருங்கள். ஓர் ஆண்டுக்கு 8,760 மணி நேரம். 40,000 என்று காட்டினால், அது நாலரை ஆண்டு இரவு பகலாக ஓடிய பொருள். ரேமை வாங்கி வந்த அன்றிரவே 'மெம்டெஸ்ட்' ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை காட்டினாலும் மறுநாளே மாற்றுங்கள்.

மாற்றிக் கொடுப்பதற்கு எத்தனை நாள் அவகாசம் என்பதை ரசீதில் எழுதி வாங்குங்கள். வாய்ச்சொல் போதாது. வியாபாரி ஏமாற்றினால் மலேசியப் பயனீட்டாளர் உரிமைக்கோரல் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டணத்தில் புகார் பதியலாம், வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் அங்கே ரசீதுதான் உங்களுக்காகப் பேசும். தெரியாத தனி மனிதரிடம் இணையத்தில் வாங்கினால் இந்தப் பாதுகாப்பு இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

விண்டோஸ் 10-க்குப் பிறகு

வேகம் மட்டும் போதாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதி நிறுத்தியது. பதிவு செய்துகொண்ட வீட்டுப் பயனர்களுக்கு ஓராண்டு நீட்டிப்பும் அறிவித்தது. ஆதரவு முடிந்த கணினி அன்றே நின்றுவிடாது; ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் அடைபடாமல் கிடக்கும். அதில் வங்கிக் கணக்கைத் திறப்பது, பூட்டு கெட்ட வீட்டில் நகையை வைப்பதற்குச் சமம்.

விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு அம்சமும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய செயலியும் வேண்டும். 2014-ஆம் ஆண்டுக் கணினியில் அவை இல்லை. ரேம் எவ்வளவு கூட்டினாலும் இந்தத் தடை நீங்காது. "எப்படியாவது ஏற்றித் தருகிறேன்" என்று சிலர் சொல்வார்கள். அப்படி ஏற்றியதற்குப் பின்னாளில் புதுப்பிப்பு வரும் என்ற உறுதி இல்லை.

இத்தகைய கணினிக்கு லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளம் நல்ல வழி. உலாவி வேலை செய்யும். கட்டுரை எழுத லிப்ரே ஆஃபிஸ் இருக்கிறது. கல்வி அமைச்சின் 'டெலிமா' தளத்தையும் உலாவியிலேயே திறக்கலாம். சில விண்டோஸ் மென்பொருள்கள் மட்டும் ஓடா. ஒரு பென் டிரைவில் ஏற்றி, கணினியில் எதையும் அழிக்காமலேயே முதலில் ஓட்டிப் பார்க்கலாம்.

எங்கே நிறுத்துவது?

நிறுவனங்கள் குத்தகை முடிந்து விற்கும் டெல், எச்பி, லெனோவோ மேசைக் கணினிகள் துப்புரவு செய்யப்பட்டுக் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றில் எட்டாம் தலைமுறைச் செயலி உள்ள ஒன்றின் விலையை முதலில் கேளுங்கள். உங்கள் பழைய கணினிக்கான செலவு அதில் பாதியைத் தாண்டினால் நிறுத்திவிட்டு, மீதிப் பணத்தைச் சேர்த்து அதையே வாங்குங்கள். பலகையே பழுதென்றால் யோசிக்கவே வேண்டாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அத்தகைய நிறுவனக் கணினிகள் பலவற்றில் மின்வழங்கியின் வடிவமும் இணைப்பும் தனி வகை, கடையில் கிடைக்கும் சாதாரண மின்வழங்கி பொருந்தாமல் போகலாம்.

கைவிடும் கணினியைக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். 2005-ஆம் ஆண்டின் விதிமுறைகளின்படி மின்னியல் கழிவு, எஸ்.டபிள்யூ.110 என்ற குறியீட்டில் அட்டவணையிடப்பட்ட கழிவாகும். கிள்ளான் துறைமுகத்தில் சட்டவிரோத மின்கழிவுக் கொள்கலன்கள் பிடிபட்ட செய்திகளை நாம் படித்திருக்கிறோம். கண்ட இடத்தில் பிரித்து எரித்தால் அதன் ஈயமும் புகையும் நம் பிள்ளைகளின் மூச்சில்தான் கலக்கும். மின்கழிவு சேகரிக்கும் இடங்களில் கொடுங்கள். கொடுப்பதற்கு முன் வட்டை முழு 'ஃபார்மட்' செய்யுங்கள். விரைவு முறை போதாது. உங்கள் மைகார்டு நகலும் வங்கி விவரமும் அதில் இருக்கக்கூடும்.

சரி, கிள்ளான் தாயாரின் கணினி என்னவாயிற்று? பார்த்தபோது வட்டு 100 விழுக்காட்டில் நின்றது. ரேம் 4 ஜிபி. புது எஸ்.எஸ்.டி. ஒன்றும், பழைய 4 ஜிபி டிடிஆர்3 ஒன்றும் வாங்கினோம். தூசி தட்டி, லினக்ஸ் மின்ட் ஏற்றினோம். 300 வெள்ளிக்குள் முடிந்தது. இப்போது அரை நிமிடத்தில் திறக்கிறது. "இது எத்தனை வருசம் ஓடும் ஐயா?" என்று கேட்டார். "உங்கள் மகன் எஸ்.பி.எம். எழுதி முடிக்கும் வரை ஓட்டலாம் அம்மா. அதற்குள் மாதம் 30 வெள்ளியாவது சேர்த்து வாருங்கள். அடுத்ததற்கு அது உதவும்" என்றேன்.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பெட்டி துணி போர்த்திக் கிடக்கலாம். இந்த வாரம் அதைத் திறந்து, அந்த மூன்று விசைகளை அழுத்திப் பாருங்கள். கடைக்குப் போவது அதற்குப் பிறகு.