அழைப்பினால் வந்தவர்

விளையாட்டுச் செய்தியில் ஞானப் பொருள் தேடுவது தகுமா என்று வாசகர் சிலர் வினவக்கூடும். ஓட்டப் பந்தயத்தையும் குத்துச் சண்டையையும் எடுத்துக்காட்டிக் கொரிந்து நகரத்துக் கிறிஸ்தவர்களுக்கு விசுவாச வாழ்வைப் போதித்தவர் புனித பவுல். அவர் காட்டிய வழியில், லண்டன் மாநகரின் விம்பிள்டன் திடலில் 2001-ம் ஆண்டு நடந்த ஆடவர் ஒற்றையர் டென்னிஸ் போட்டியை நாமும் சற்றுச் சிந்திப்போம்.

அப்போட்டியில் 128 பேர் களம் இறங்குவர். தோற்றவர் அன்றே வெளியேற, ஏழு சுற்றுகளிலும் வென்றவரே கோப்பையைப் பெறுவார். இந்த 128 இடங்களில் 104 இடங்கள் உலகத் தரவரிசைப்படி நிரப்பப்படுகின்றன. பதினாறு இடங்களுக்குத் தகுதிச் சுற்று நடத்தப்படுகிறது. எஞ்சிய எட்டு இடங்கள் போட்டிக் குழுவினரின் விருப்பத்துக்கென ஒதுக்கப்பட்டவை. தரவரிசையால் வர இயலாதவரையும் அவர்கள் அழைத்து ஆடச் சொல்லலாம். இதனை 'வைல்டு கார்டு' என்பர். இது கேட்டுப் பெறும் உரிமையன்று. கொடுப்பவர் மனமுவந்து கொடுப்பது.

2001-ல் அவ்வாறு அழைக்கப்பட்டவர்களுள் ஒருவர் குரோவேசிய நாட்டின் கோரன் இவானிசெவிச். அவர் பிறந்த ஊர் கடலோர நகரமாகிய ஸ்பிளிட். வேதத்தைக் கொடுமையாக ஒடுக்கிய உரோமைப் பேரரசன் தியோக்கிளேசியன் தன் முதுமையில் வாழ்ந்த அரண்மனை அங்கேதான் இருக்கிறது. அவனுக்கென எழுப்பப்பட்ட கல்லறை மாளிகை பிற்காலத்தில், அவன் காலத்து வேதசாட்சியாகிய புனித தோம்னியுசைப் போற்றும் பேராலயமாயிற்று. தோற்றவர் எனப்பட்டவரே இறுதியில் நிலைத்து நின்றார் என்பதற்கு அந்நகரின் கற்களே சாட்சி.

மும்முறை தோற்றவர்

இவானிசெவிச் சாதாரண ஆட்டக்காரர் அல்லர். 1994-ல் உலகத் தரவரிசையில் இரண்டாம் இடம் வரை உயர்ந்தவர். இடக்கையால் அவர் அடிக்கும் சர்வீஸை எதிர்கொள்ள வல்லவர் மிகச் சிலரே. ஆயினும் விம்பிள்டன் கோப்பை அவருக்கு எட்டாக் கனியாகவே இருந்தது. 1992-ல் இறுதி ஆட்டத்தில் ஆந்திரே அகாசியிடம் ஐந்து செட்டுகளில் தோற்றார். 1994-ல் பீட் சாம்ப்ராஸிடம் தோற்றார். 1998-ல் அதே சாம்ப்ராஸிடம் மீண்டும் ஐந்து செட்டுகள் போராடித் தோற்றார்.

அதன்பின் சரிவு தொடங்கியது. தோள்பட்டை வலியும் தொடர் தோல்விகளும் அவரை வாட்டின. 2000-ம் ஆண்டின் இறுதியில் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் ஆடுகையில், சினம் தாளாமல் தம்மிடமிருந்த மட்டைகளையெல்லாம் தாமே உடைத்துவிட்டு, ஆடுவதற்கு மட்டை இல்லாமல் ஆட்டத்தைக் கைவிட்டார். 2001 ஜனவரியில் ஆஸ்திரேலியப் போட்டியின் தகுதிச் சுற்றிலேயே தோற்றார். அவ்வாண்டு விம்பிள்டன் தொடங்கியபோது தரவரிசையில் அவருக்கு 125-வது இடம். நேர்வழியில் நுழைய இயலாத அவருக்கு, மும்முறை இறுதிவரை வந்தவர் என்பதை நினைந்து போட்டிக் குழுவினர் அந்த எட்டு இடங்களுள் ஒன்றை அளித்தனர்.

நம் பாட்டிமார் 'தேவ இஷ்டப்பிரசாதம்' என்று சொல்வர்; இன்று நாம் 'அருள்' என்கிறோம். அது விலை பெறாமல் கொடுக்கப்படுவது. திராட்சைத் தோட்டத்துக்கு மாலை வேளையில் அழைக்கப்பட்ட வேலையாளுக்கு முழுநாள் கூலி கிடைத்தது எவ்வாறு? அவன் உழைப்பின் அளவினால் அன்று, அழைத்தவருடைய தாராள மனத்தினால். விம்பிள்டன் குழுவினர் தேவதூதர் அல்லர். அவர்களுடைய எட்டு இடங்களும் தேவ அருளாகிவிடா. ஆயினும் அருள் என்பது எத்தகையது என்று உணர்த்த ஓர் உலகியல் உவமையாக அவை உதவும்.

அழைத்தவர் ஆடமாட்டார்

அழைப்பு வாசலைத் திறந்தது. ஆட வேண்டியவர் அவரே. கார்லோஸ் மோயா, ஆண்டி ராடிக், கிரெக் ருசெட்ஸ்கி, மராட் சாஃபின் என்று பெயர் பெற்ற பலரை அடுத்தடுத்து வென்று அவர் அரையிறுதிக்கு வந்தார். அங்கே எதிர்நின்றவர் இங்கிலாந்து மக்களின் நம்பிக்கையாகிய டிம் ஹென்மன். வெள்ளிக்கிழமையன்று மூன்றாம் செட்டை ஆறுக்குச் சுழியம் என்று இழந்து தத்தளித்த வேளையில் மழை கொட்டியது. சனிக்கிழமையும் மழை குறுக்கிட்டது. மூன்று நாட்களுக்கு நீண்ட அந்த ஆட்டத்தை ஞாயிறன்று ஐந்தாம் செட்டில் வென்றார்.

இதனால் இறுதி ஆட்டம் ஜூலை 9, திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போயிற்று. முன்பதிவு இல்லாத நுழைவுச் சீட்டுகள் பொதுமக்களுக்கு விற்கப்பட, குரோவேசியரும் ஆஸ்திரேலியரும் கொடிகளோடு வந்து அரங்கத்தைத் திருவிழாக் களமாக்கினர். எதிராளி ஆஸ்திரேலியாவின் பாட்ரிக் ராஃப்டர். நான்கு செட்டுகள் முடிந்தபோது இருவரும் சமநிலை. அந்நாளில் விம்பிள்டனின் ஐந்தாம் செட்டுக்கு 'டைபிரேக்' முறை கிடையாது. ஒருவர் மற்றவரை இரண்டு ஆட்டம் முந்தும்வரை ஓயாது ஆட வேண்டும்.

எட்டுக்கு ஏழு என்ற நிலையில் வெற்றிக்கு ஒரே ஒரு புள்ளி தேவை, சர்வீஸ் இவானிசெவிச்சுடையது. அந்தப் போட்டியில் மட்டும் எதிராளியின் மட்டை தொடாத 213 சர்வீஸ்களை அடித்தவர் அவர். அப்பேர்ப்பட்ட கை அப்போது நடுங்கியது. இரு வாய்ப்புகளிலும் பந்தைக் கட்டத்துக்குள் போடத் தவறி, முதல் வெற்றிப் புள்ளியை இழந்தார். இரண்டாம் வெற்றிப் புள்ளியையும் அவ்வாறே இழந்தார். மூன்றாவதை, தலைக்கு மேலே பந்தை உயர்த்தி அடித்து ராஃப்டர் பறித்துக்கொண்டார். நான்காம் முறை ராஃப்டர் திருப்பி அடித்த பந்து வலையில் சிக்கியது. இவானிசெவிச் தரையில் விழுந்து அழுதார். பின்னர் பார்வையாளர் வரிசையில் ஏறிச் சென்று தந்தையைக் கட்டித் தழுவினார். 1993-ல் சாலை விபத்தில் மாண்ட தம் நண்பரும் கூடைப்பந்து வீரருமான டிராசன் பெட்ரோவிச்சுக்கு அந்த வெற்றியைக் காணிக்கையாக்கினார். அழைப்புச் சீட்டோடு வந்து அப்பட்டத்தை வென்ற ஆடவர் அதற்குமுன் எவரும் இலர்.

இங்கே நாம் ஊன்றி நோக்க வேண்டியது ஒன்றுண்டு. எது தம்முடைய பலமோ, அதுவே அவரைத் தக்க வேளையில் கைவிட்டது. மட்டைகளை உடைத்த பழைய மனிதராயிருந்தால் ஆட்டம் அங்கேயே முடிந்திருக்கும். அவரோ மீண்டும் கோட்டருகே வந்து நின்றார். அருள் மனித இயல்பை அகற்றுவதில்லை, அதனை நிறைவாக்குகிறது என்று புனித தோமா அக்குவினார் கற்பித்தார். அருள் பெற்றவனுக்கும் கை நடுங்கும். நடுங்கும் கையோடு மறுபடி முயல்வதே அவன் கடமை.

தோற்றவரைக் கடவுள் மறந்தாரா?

இவ்வளவும் கேட்ட ஒருவர், "அப்படியானால் ராஃப்டரைக் கடவுள் கைவிட்டாரோ?" என்று கேட்பாரானால், அது நேர்மையான கேள்வியே. ஒன்பது பிள்ளைகள் உள்ள குடும்பத்தில் ஏழாமவராகப் பிறந்த ராஃப்டர், பந்தை மேலே எறிகையில் தவறினால் எதிராளியிடம் மன்னிப்புக் கேட்கும் பண்பாளர். முந்திய ஆண்டும் இறுதி ஆட்டத்தில் தோற்றவர். விம்பிள்டன் கோப்பை அவருக்குக் கடைசிவரை கிட்டவேயில்லை. ஆயினும் 2002-ல் அவருடைய நாடு அவரை 'ஆண்டின் ஆஸ்திரேலியர்' எனத் தேர்ந்து சிறப்பித்தது.

கடவுள் ஒருவர் பக்கம் நின்று மற்றவரைத் தோற்கடித்தார் என்று நாம் சொல்லத் துணியோம். செபம் வெற்றியை வாங்கும் காசன்று. சிலுவையில் தொங்கிய திருமகனையே நாம் ஆண்டவர் என்று வணங்குகிறோம். அந்த இரு வாரங்களும் ஒரே உணவகத்தில் ஒரே உணவை உண்டதாகவும், காலைதோறும் ஒரே குழந்தைகள் நிகழ்ச்சியைத் தொலைக்காட்சியில் பார்த்ததாகவும் இவானிசெவிச்சே கூறியதுண்டு. இராகுகாலம் பார்த்துத் தேர்வுக்குப் பிள்ளையை அனுப்பும் கத்தோலிக்க இல்லங்கள் நம்மிடையே இல்லாமலில்லை. சகுனம் பார்ப்பது பயத்தின் பிள்ளை. செபமோ நம்பிக்கையின் பிள்ளை.

நம் இல்லத்தில் அந்த இடம்

உலகப் புகழ் வாய்ந்த ஒரு போட்டியே தன் 128 இடங்களில் எட்டைத் தரவரிசைக்கு வெளியே வைத்திருக்கிறது. நம் குடும்பங்களில் அப்படி ஓர் இடமேனும் உண்டா? அரசுத் தேர்வில் இருமுறை தவறிய மகனுக்கு, தம்பியின் மதிப்பெண்ணைச் சொல்லிக் காட்டாமல் உணவு பரிமாறப்படுகிறதா? குடியினால் வேலையை இழந்து, திருந்த விரும்பும் தமையனுக்கு வீட்டுக் கதவு திறக்கிறதா? பெற்றோர் சம்மதமின்றி மணம் முடித்துச் சென்ற மகளை, கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு வரும்படி அழைக்க யாருக்காவது மனம் வந்ததா? "முதலில் அவன் திருந்தட்டும், பிறகு பார்ப்போம்" என்கிறோம். அழைப்பு முந்தியதனால்தான் மனமாற்றம் பிந்தியேனும் வந்தது என்பதற்கு, அத்திமர வகையைச் சார்ந்த ஒரு மரத்தின்மேல் ஏறியிருந்த சக்கேயு சான்று.

இவானிசெவிச் பிற்காலத்தில் தம் நாட்டு இளைஞர் மாரின் சிலிச்சுக்குப் பயிற்சி அளித்தார். 2014-ல் சிலிச் அமெரிக்க ஓப்பன் பட்டத்தை வென்றார். அழைப்புப் பெற்றவர், பிறர் வெற்றிக்கு உழைப்பவர் ஆனார்.

ஞானஸ்நானத் தொட்டியருகே நாம் அனைவரும் எந்தத் தரவரிசையும் இன்றி அழைக்கப்பட்டவர்களே. இன்றிரவு குடும்பச் செபமாலையின்போது, நம் வீட்டு அழைப்புக்காக வெளியே காத்திருப்பவர் யார் என்று பெயர் சொல்லி நினைத்துப் பார்ப்போம். நாளைக் காலையிலேயே அவருக்கு ஒரு கடிதமோ தொலைபேசி அழைப்போ செல்லட்டும்.