மூக்குத் தண்டை உயர்த்த என்னென்ன வழிகள்? சிலிக்கான், விலா எலும்பு, ஊசி – எதில் என்ன ஆபத்து?

பிறந்த குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டும் பாட்டிமார், எண்ணெய் தொட்ட விரலால் மூக்கைப் பிடித்து நீவி விடுவதைப் பார்த்திருப்பீர்கள். "சப்பை மூக்கு எடுப்பா வந்துடும்" என்பது நம்பிக்கை. நீவுவதால் மூக்கு உயராது. பிறக்கும்போது ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளுக்கும் மூக்கு சப்பையாகத்தான் இருக்கும். வளர வளர, குடும்ப ஜாடையைப் பொறுத்து அது தானாக எழும். சிலருக்கு எழாது. அது நோயும் அல்ல.

பாட்டியின் இடத்தை இப்போது ரீல்ஸ் பிடித்துக்கொண்டது. "கத்தி இல்லை, தையல் இல்லை, 15 நிமிஷத்துல மூக்கு ரெடி" என்று விளம்பரம் ஓடுகிறது. அறுவை சிகிச்சை என்றால் பயப்படுகிறவர்கள் ஊசி என்றதும் தயக்கமில்லாமல் போய் உட்கார்ந்துவிடுகிறார்கள். ஆனால் மூக்குத் தண்டை உயர்த்தும் வழிகளில் கண்பார்வையையே பறிக்கக்கூடியது என்று மருத்துவர்கள் அதிகம் அஞ்சுவது அந்த ஊசியைத்தான்.

தண்டு ஏன் தாழ்ந்திருக்கிறது?

இரண்டு கண்களுக்கும் நடுவே தொட்டுப் பாருங்கள், கடினமாக இருக்கும். அது எலும்பு. மூக்கின் மேல் மூன்றில் ஒரு பங்குதான் எலும்பு, அதற்குக் கீழே எல்லாம் குருத்தெலும்பு. உள்ளே இரண்டு துவாரங்களையும் பிரிக்கும் நடுச்சுவர், கூரையைத் தாங்கும் தூண் மாதிரி தண்டைத் தாங்கி நிற்கிறது.

சிலருக்குப் பிறவியிலேயே தண்டு தாழ்வாக இருக்கும். அது உடல்வாகு. நல்ல மூக்கு பின்னால் அமுங்கிப் போவது வேறு விஷயம். சேணம் போல நடுவில் குழிந்துபோவதால் அதைச் 'சேண மூக்கு' என்கிறார்கள். தொழுநோய், ரத்தக்குழாய்களைத் தாக்கும் சில நோய்கள், கோகெய்ன் பழக்கம், முன்பு செய்த மூக்கு அறுவை சிகிச்சை எல்லாம் இதற்குக் காரணமாகலாம்.

இன்னொரு காரணம் அடி. பெற்றோர் இதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். விளையாடும்போது பந்து பட்டோ கீழே விழுந்தோ மூக்கில் அடிபட்டால், நடுச்சுவருக்குள் ரத்தம் கட்டிக்கொள்ளலாம். வெளியே பெரிதாக ஒன்றும் தெரியாது. 'மூக்கு அடைச்சிருக்கு' என்று பிள்ளை சொல்லும், அவ்வளவுதான். அந்த ரத்தத்தைச் சீக்கிரம் வெளியேற்றாவிட்டால் குருத்தெலும்பு ஊட்டமில்லாமல் செத்துப்போகும், சீழும் பிடிக்கலாம். சில வாரங்களில் தண்டு இறங்கிவிடும். அதனால் மூக்கில் அடிபட்ட பிள்ளைக்கு இரண்டு பக்கமும் அடைப்பு, வலி என்றால் அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். பின்னால் வரும் பெரிய அறுவை சிகிச்சையை அது தவிர்க்கும்.

சிலிக்கான் வைப்பது எப்படி?

கொரியா உள்ளிட்ட கிழக்காசிய நாடுகளில் மிகவும் புழக்கத்தில் உள்ள முறை இது. மூக்கின் உள்பக்கமாகக் கீறி, எலும்பின் மேல் ஒரு பை போல இடம் உண்டாக்கி, செதுக்கிய சிலிக்கான் துண்டை உள்ளே தள்ளிவிடுவார்கள். உடம்பின் வேறு இடத்தில் வெட்டத் தேவையில்லை. வேலை சீக்கிரம் முடியும். பிடிக்கவில்லை என்றால் எடுத்துவிடவும் முடியும்.

உடம்பு அதைத் தன்னுடையது என்று ஏற்றுக்கொள்வதில்லை. சுற்றிலும் ஒரு மெல்லிய உறையைக் கட்டி ஒதுக்கி வைக்கிறது. துண்டு கோணலாக நகரலாம், தொற்று வரலாம். தோல் மெலிந்து மூக்கு நுனி சிவந்து, ஒருநாள் துண்டே வெளியே எட்டிப் பார்க்கலாம். இது அறுவை முடிந்த மாதமே நடக்கும் என்றில்லை, பல வருடங்கள் கழித்தும் நடக்கலாம். நுனிவரை வளைந்து இறங்கும் 'எல்' வடிவத் துண்டில் இந்த ஆபத்து அதிகம். அதனால் பல மருத்துவர்கள் தண்டுக்கு மட்டும் சிலிக்கான் வைத்து, நுனிக்கு நோயாளியின் சொந்தக் குருத்தெலும்பைப் பயன்படுத்துகிறார்கள்.

கோர்-டெக்ஸ், நுண்துளை பாலிஎத்திலீன் என்று வேறு பொருட்களும் உண்டு. அவற்றின் துளைகளுக்குள் நம் திசு வளர்ந்து பிடித்துக்கொள்வதால் எளிதில் நகராது. அதே காரணத்தால், தொற்று வந்தால் எடுப்பதும் கஷ்டம். குறிப்பாகப் பாலிஎத்திலீனைப் பிய்த்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

சொந்த உடம்பிலிருந்தே எடுத்தால்?

இதுதான் பாதுகாப்பானது என்று பலரும் கருதும் வழி. உடம்பு நிராகரிக்காது, தொற்று அபாயமும் குறைவு. ஆனால் சரக்கு எங்கே இருக்கிறது என்பதுதான் பிரச்னை.

முதலில் பார்ப்பது மூக்கின் நடுச்சுவர். வேறு இடத்தில் வெட்ட வேண்டாம், நேரான துண்டாகவும் கிடைக்கும். ஆனால் அதிகம் எடுக்க முடியாது. மேலேயும் முன்னாலும் சுமார் ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்கு விட்டுவைக்க வேண்டும், இல்லையென்றால் இருக்கிற தூணே சாய்ந்துவிடும். தண்டு தாழ்ந்தவர்களுக்கு நடுச்சுவரும் பெரும்பாலும் சிறியதாகவே இருக்கும். அடுத்தது காதுமடலின் குழிப்பகுதி. எடுத்தால் காதின் தோற்றம் பெரிதாக மாறாது. ஆனால் அது வளைந்தும் மெத்தென்றும் இருப்பதால், நுனிக்கு ஏற்றதே தவிர தண்டை நன்றாக உயர்த்தப் போதாது.

நிறைய உயர்த்த வேண்டும் என்றால் விலாவுக்குத்தான் போக வேண்டும். ஆறாவது, ஏழாவது விலாவின் முன்பகுதியில் உள்ள குருத்தெலும்பை எடுப்பார்கள். பெண்களுக்குத் தழும்பு மார்பின் கீழ்மடிப்பில் மறைந்துவிடும். சில நாட்களுக்கு இருமினாலும் சிரித்தாலும் நெஞ்சு வலிக்கும். அபூர்வமாக நுரையீரல் உறையில் ஓட்டை விழலாம். இன்னொரு தொல்லை, செதுக்கி வைத்த விலாத் துண்டு பச்சை மரப் பலகை மாதிரி பின்னால் வளைந்துவிடலாம். வயதானவர்களுக்கு அது சுண்ணாம்பு ஏறி இறுகியிருக்கும், செதுக்கினால் உடையும்.

வளைவதைத் தவிர்க்க ஒரு நல்ல யோசனை கண்டுபிடித்தார்கள். குருத்தெலும்பைப் பொடிப்பொடியாக, ஒரு மில்லிமீட்டருக்கும் சிறிய துண்டுகளாக நறுக்கி, நெற்றிப்பொட்டின் தசைமேல் இருக்கும் சவ்வில் சுருட்டி, அந்த உருளையைத் தண்டின் மேல் வைப்பது. ஒரே துண்டாக இல்லாததால் வளையாது, முதல் சில நாட்கள் விரலால் சரிசெய்யவும் முடியும். ஆனால் தூண் போலத் தாங்கும் பலம் இதற்கு இல்லை. உள்ளே தூணே விழுந்துவிட்ட சேண மூக்குக்கு இது மட்டும் போதாது.

மூக்கு சீரமைப்பில் இந்தியாவுக்குத் தனி இடம் உண்டு. சுஸ்ருத சம்ஹிதையில் கன்னத்துத் தோலை எடுத்து மூக்கு செய்யும் முறை சொல்லப்பட்டிருக்கிறது. திப்புவின் படையிடம் சிக்கி மூக்கை இழந்த கவாஸ்ஜி என்ற வண்டிக்காரருக்கு நெற்றித் தோலால் புது மூக்கு அமைத்த செய்தி 1794-ல் லண்டன் பத்திரிகை ஒன்றில் வெளியானது. அதைப் பார்த்துத்தான் ஐரோப்பிய மருத்துவர்கள் கற்றுக்கொண்டார்கள். அந்த நெற்றித் தோல் முறை இன்றும் 'இந்திய முறை' என்றே அழைக்கப்படுகிறது.

ஊசியில் ஏன் இவ்வளவு பயம்?

ஃபில்லர் ஊசியில் பெரும்பாலும் இருப்பது ஹைலூரோனிக் அமிலக் கூழ். பலன் சில மாதங்கள் முதல் ஒன்றரை வருடம் வரை நிற்கும். சின்னக் குறைகளை மறைக்க, தேர்ந்த கையில், இது உபயோகமான சிகிச்சைதான்.

ஆனால் மூக்குத் தண்டின் மேல் ஓடும் ரத்தக்குழாய்கள் கண்ணுக்குப் போகும் ரத்தக்குழாயோடு தொடர்புடையவை. ஊசிமுனை தவறிக் குழாய்க்குள் போய், கூழும் அழுத்தத்தோடு ஏறினால், அது பின்னோக்கிச் சென்று விழித்திரைக்குப் போகும் ரத்தத்தை அடைத்துவிடும். விழித்திரை சுமார் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் தாங்காது. கூழைக் கரைக்கும் ஹைலூரோனிடேஸ் மருந்து இருக்கிறது. என்றாலும் இப்படிப் போன பார்வை முழுசாகத் திரும்பியவர்கள் குறைவு. கண்ணுக்குப் போகாமல் தோலின் குழாயை அடைத்தால், மூக்குத் தோல் கறுத்து அழுகும். உடம்பின் கொழுப்பை எடுத்து ஊசியில் போட்டாலும் இதே ஆபத்து உண்டு. கொழுப்பைக் கரைக்க அப்படி ஒரு மருந்தும் இல்லை. ஏற்கெனவே மூக்கில் அறுவை செய்துகொண்டவர்களுக்கு ரத்த ஓட்டம் மாறியிருப்பதால் ஆபத்து இன்னும் கூடும்.

இது அபூர்வம்தான். ஆனால் நடந்தால் நிமிடக் கணக்கில் செயல்பட வேண்டும். போடும்போதே கடுமையான வலி, தோல் திடீரென வெளுப்பது, வலைபோல நீலம் பரவுவது, பார்வை மங்குவது என எது வந்தாலும் "வீட்டுக்குப் போய் ஐஸ் வைங்க" என்ற பதிலை ஏற்காதீர்கள். கரைக்கும் மருந்து கையிருப்பில் இல்லாத இடத்தில் இந்த ஊசியைப் போட்டுக்கொள்ளவே கூடாது. அழகுநிலையத்தில் போட்டுக்கொள்வது பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

யாரிடம் போவது, செலவுக்கு இன்சூரன்ஸ் கிடைக்குமா?

பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சி.ஹெச். முடித்தவரோ, மூக்கு சீரமைப்பில் பயிற்சி உள்ள காது மூக்கு தொண்டை நிபுணரோ செய்யலாம். அவர் பெயர் மருத்துவக் கவுன்சில் பதிவில் இருக்கிறதா என்று ஆன்லைனிலேயே பார்த்துவிடலாம். மூக்கு வளர்ச்சி முடிந்த பிறகே, அதாவது பெண்களுக்குச் சுமார் 16, ஆண்களுக்கு 17, 18 வயதுக்குப் பிறகே பொதுவாகச் செய்வார்கள். ஒரு வாரம் மூக்கில் கட்டு இருக்கும், வீக்கமும் கண்ணைச் சுற்றி நீலமும் இரண்டு வாரத்தில் குறையும். கண்ணாடி போடுகிறவர்கள் அது மூக்கில் அழுத்தாமல் பல வாரங்கள் சமாளிக்க வேண்டும். கடைசி வடிவம் தெரிய ஒரு வருடம் ஆகும்.

அழகுக்காக மட்டும் செய்தால் மருத்துவக் காப்பீடு கிடைக்காது, ஜி.எஸ்.டி.யும் உண்டு. விபத்துக்குப் பிறகு செய்யும் சீரமைப்புக்கும் சிகிச்சைக்கான மருத்துவ அவசியத்துக்கும் காப்பீட்டு விதியில் விலக்கு இருக்கிறது. எனவே அடிபட்ட அன்று எடுத்த ஆவணங்கள், ஸ்கேன், மூச்சடைப்பு பற்றிய மருத்துவர் குறிப்பு எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள். அரசு மருத்துவக் கல்லூரிகளின் பிளாஸ்டிக் சர்ஜரி துறைகளில் இந்தச் சீரமைப்பைக் கேட்டுப் பார்க்கலாம்.

செயற்கைத் துண்டு வைப்பதாக இருந்தால், பெட்டியில் உள்ள ஸ்டிக்கரை டிஸ்சார்ஜ் தாளில் ஒட்டித் தரச் சொல்லுங்கள். என்ன பொருள், எந்த நிறுவனம், எந்த பேட்ச் என்பது அதில் இருக்கும். ஃபில்லர் என்றாலும் அப்படியே. பத்து வருடம் கழித்து வேறொரு ஊரில் மூக்கு வீங்கி நீங்கள் போய் நின்றால், அங்கே இருக்கும் மருத்துவர் முதலில் கேட்கப்போவது, "உள்ளே என்ன வெச்சாங்க?" என்பதைத்தான்.