ஹைட்ரஜன் கார்: தலைமுடியைவிட மெல்லிய சவ்வு கிழிந்தால் என்ன ஆகும்?

புகைக்குப் பதிலாகத் தண்ணீரை வெளியே விடும் கார்! 2014 டிசம்பரில் ஜப்பானில் டொயோட்டா 'மிராய்' அறிமுகமானபோது பலரையும் கவர்ந்தது இதுதான். ஆனால், இந்த வகை வண்டி எத்தனை வருஷம் ஓடும் என்பது பெரும்பாலும் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் சவ்வின் கையில் இருக்கிறது.

சவ்வுக்கு என்ன வேலை?

எரிபொருள் கலத்தில் ஒரு பக்கம் ஹைட்ரஜன், மறுபக்கம் காற்று. நடுவில் சவ்வு. புரோட்டான்கள் இதன் வழியாகக் கடக்கும். எலக்ட்ரான்கள் வெளியே சுற்றி வரும், அதுதான் மின்சாரம். இரண்டு வாயுக்களும் கலக்காமல் தடுப்பதும் சவ்வுதான். மெல்லிசாக இருந்தால் மின்தடை குறையும். அதனால், தலைமுடி சுமார் 70 மைக்ரான் என்றால், சவ்வு 10 முதல் 20 மைக்ரான்தான்.

ஏன் கிழியுது?

புரோட்டான் நகர சவ்வில் ஈரம் வேண்டும். ஆக்சிலரேட்டரை மிதித்தால் தண்ணீர் அதிகம் உருவாகி சவ்வு உப்பும். வேகம் குறைந்தால் காய்ந்து சுருங்கும். விளிம்புகள் இறுக்கிப் பிடிக்கப்பட்டிருப்பதால் விரியவும் முடியாது, சுருங்கவும் முடியாது. மழையில் உப்பி, கோடையில் வெடிக்கும் கரிசல் மண் மாதிரிதான். கடைசியில் ஊசித்துளை விழும்.

அந்த ஓட்டை வழியாக ஹைட்ரஜன் கசிந்து ஆக்சிஜனுடன் நேரடியாக வினைபுரியும். சூடு ஏறும், ஓட்டை பெரிதாகும். முதல் மிராயில் 370 கலங்கள் தொடராக இணைக்கப்பட்டிருந்தன. இப்படியான அமைப்பில் ஒன்று பழுதானாலும் மொத்தமும் பாதிக்கும்.

என்னதான் தீர்வு?

நான்ஸ்டிக் தவாவில் பூசும் அதே டெஃப்ளானை இழுத்து, நுண்துளை வலையாக்கி சவ்வுக்குள் வைக்கிறார்கள். கான்கிரீட்டுக்குள் கம்பி வைப்பது போல! ரசாயன அரிப்பும் சவ்வைப் பலவீனமாக்கும் என்பதால், அதைக் கட்டுப்படுத்த சீரியம் சேர்ப்பதும் உண்டு.

எப்படிச் சோதிக்கிறாங்க?

அமெரிக்க எரிசக்தித் துறையின் முறைப்படி, 80 டிகிரி செல்சியஸில் 2 நிமிடம் உலர் வாயு, 2 நிமிடம் ஈர வாயு. இலக்கு 20,000 சுற்றுகள். நிறுத்தாமல் நடத்தினாலே 55 நாள் ஆகும்.

கார்களுக்கு அத்துறை வைத்த ஆயுள் இலக்கு 8,000 மணி நேரம். கனரக லாரிகளுக்கு 2030-க்குள் 25,000 மணி நேரம். மூன்று மடங்குக்கும் மேல்! ஹைட்ரஜன் லாரி லாபமா, நஷ்டமா என்பதில் இந்தச் சவ்வுக்கும் பங்கு உண்டு.